ஆள் திரும்பினார், முதல் திரும்பவில்லை: பர்மாவில் நகரத்தார் வட்டிக்கடை

நகரத்தார் பர்மா முதலை இழந்த கதையை 1941 டிசம்பரில் ரங்கூன் மீது விழுந்த குண்டுகளிலிருந்து தொடங்குவது வழக்கம். அப்படித் தொடங்கினால் அது போரின் கதையாகிவிடுகிறது. கடை நன்றாக நடந்த 1920களிலேயே விலகும் வாய்ப்பு கைநழுவியது என்பதே என் வாதம்.

கொண்டுவிக்கப் போனவர், அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர், பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்குக்கே போனார். குடும்பம் செட்டிநாட்டிலேயே இருந்தது. கணக்கு முடிந்ததும் ஐந்தொகை எடுத்து, அடுத்து வந்த ஏஜெண்டிடம் கடையை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினார். ஆள் திரும்புவதற்கு இவ்வளவு ஒழுங்கான ஏற்பாடு வைத்திருந்த சமூகம், முதல் திரும்புவதற்கு அப்படி ஒன்றை வைத்திருக்கவில்லை. ஐந்தொகை ஏஜெண்டைச் சோதித்தது. கடை அங்கே இன்னும் இருக்கத்தான் வேண்டுமா என்று அது கேட்டதில்லை. வரவேண்டிய கடன் அப்படியே அடுத்த கணக்குக்குப் போயிற்று.

1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு இந்த முதலைச் சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு விவசாயக் கடன். உடனே வந்தது உலக மந்தம். நெல் விலை சரிந்தது. உழவரிடம் பணம் இல்லை. ஈடாக வைத்த வயல் வந்து சேர்ந்தது. நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் நிலம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 25 விழுக்காடாயிற்று. இதைச் செல்வ வளர்ச்சி என்று படிப்பவர்கள் உண்டு. எனக்கு அது பொறியாகவே தெரிகிறது. பணத்தை உண்டியல் சீட்டில் அனுப்பலாம். வயலை அனுப்ப முடியாது. கடன் கொடுத்தவர் என்ற பெயர் போய், அயல்நாட்டு நிலக்கிழார் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

நடந்து முடிந்த பின் சொல்வது எளிது என்று மறுக்கலாம். நியாயமான மறுப்புதான். மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரியில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னையுடன் ரங்கூனிலும் கிளை திறந்தார். அதே ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. கூர்மையான வணிகர்களுக்கும் அது விலகும் வேளையாகத் தோன்றவில்லை. ஜப்பானியர் வருமுன் 1930களில் முதலை இந்தியாவுக்கு மாற்றிய முருகப்பா குடும்பத்தைத் தொலைநோக்குக்குச் சான்றாகக் காட்டுவார்கள். பிழைத்தவரை மட்டும் எண்ணும் கணக்கு அது. மந்தத்துக்குப் பின் விற்க நினைத்த பலருக்கு நிலத்தை வாங்க ஆளில்லை. நிலத்தைத் தேசியமயமாக்கும் சட்டம் 1948இல் வந்தது.

வட்டி ஒழுங்காக வந்த 1920களில் இலாபம் எவ்வளவு ஊர் திரும்பியது, எவ்வளவு மறுபடி கடனாயிற்று என்பதைப் பேரேடுகள்தாம் சொல்லும். அவற்றை வைத்திருக்கும் செட்டிநாட்டு வீட்டார், பழைய காகிதத்துக்குப் போடும் முன் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓரிடத்தில் ஒருமுறை காட்ட வேண்டும்.