கிராம சபை (தொப்பூர்)

தருமபுரி மாவட்டம், நல்லம்பள்ளி ஒன்றியத்திலுள்ள தொப்பூரில் ஊர் நிர்வாகம் குறித்து மக்கள் நேரடியாகக் கருத்துச் சொல்லும் சட்டபூர்வ அவை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 இதற்கு அடிப்படை. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் உறுப்பினர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் கூட்ட நாள்களாயின. கூட்டத்தை அறிவிக்கத் தண்டோரா போடும் வழக்கத்தை அதே ஆண்டில் அரசு நிறுத்தச் சொன்னது. அதற்குப் பதிலாக ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் அறிவிப்பது வரவேற்கத்தக்க மாற்றம். குடிநீர், தெருவிளக்கு, குப்பை, வரவு செலவு ஆகியவை பேசப்பட்டு, தீர்மானங்கள் பதிவேட்டில் ஏறுகின்றன. தொப்பூர்க் கணவாய் வழிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 ஊராட்சியின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல; அங்கு நேரும் விபத்துகள் பற்றிச் சபை கோரிக்கைத் தீர்மானமே போட முடியும். கூட்டத்துக்குச் சென்றால், பதிவேட்டில் ஏறிய தீர்மானத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்திடுங்கள்.