கஞ்சா வளர்ப்பறை: ஈரப்பதக் கட்டுப்பாடு

வீட்டு நிலவறையிலோ அலமாரி அளவிலான துணிக்கூடாரத்திலோ விளக்கொளியில் வளர்க்கப்படும் கஞ்சாச் செடிகளைச் சூழ்ந்த காற்றின் நீராவி அளவை, செடியின் பருவத்துக்கு ஏற்ற எல்லைக்குள் நிறுத்திவைக்கும் முறைகள் வளர்ப்பறை ஈரப்பதக் கட்டுப்பாடு எனப்படுகின்றன. சட்டம் இடமளித்த நாடுகளில்தான் இது இல்லத் தோட்டக்கலையின் பகுதியாக வளர்ந்துள்ளது. கனடாவில் 2018 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்த கஞ்சாச் சட்டம் ஒரு வீட்டுக்கு நான்கு செடிகள் வரை வளர்க்க இசைவளித்தது. கியூபெக் மாகாணம் தன் எல்லைக்குள் அதைத் தடுத்தது, அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் 2023-இல் அத்தடை செல்லும் என்றது. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயதுவந்தோர் ஒருவர் மூன்று செடிகள் வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி உரிமமின்றிக் கஞ்சா பயிரிடுவது குற்றமாகையால், இங்கு விளக்கப்படுவது பெரும்பாலும் கனடிய நடைமுறையே.

காற்று ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை விழுக்காடு அதில் உள்ளது என்பதைக் குறிப்பது சார்பு ஈரப்பதம். 20 பாகை செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியையும், 25 பாகையில் 23 கிராமையும், 30 பாகையில் 30 கிராமையும் கொள்ளும். இந்தக் கணக்கைச் சிறு கூடாரத்துக்குப் பொருத்திப் பார்த்தால் சிக்கலின் இயல்பு உடனே விளங்கும். 1.2 மீட்டர் நீளமும் அகலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள கூடாரத்தில் அடங்கும் காற்று மூன்று கனமீட்டருக்கும் குறைவு. அது 25 பாகையில் முழுக்க நிறைவுற்றாலும் 66 கிராம் நீராவிக்கு மேல் தாங்காது. செடிகளோ வேர்வழி எடுக்கும் நீரில் மிகச் சிறு பங்கை மட்டும் தமக்கென வைத்துக்கொண்டு எஞ்சியதை இலைவழி வெளியே விடுகின்றன. ஆகவே அவை ஒரு லிட்டர் நீரை வெளிவிட்டால்கூட, அக்கூடாரக் காற்றைப் பதினைந்து முறை நிறைவுறச் செய்யப் போதும். ஈரப்பதம் என்பது சிற்றறையில் தேங்கிநிற்கும் இருப்பு அன்று, வரவுக்கும் வெளியேற்றத்துக்கும் இடையே கணந்தோறும் அமையும் சமநிலை என்பதே இதன் பொருள். கருவி காட்டும் எண்ணை மட்டும் துரத்துவோர் பெரும்பாலும் தவறுவதும் இங்கேதான்.

செடி உணர்வது சார்பு ஈரப்பதத்தை அன்று, ஆவியழுத்தப் பற்றாக்குறையை. இலையின் உட்புறம் ஏறக்குறைய நிறைவுற்ற நிலையில் இருப்பதால், அந்த நிறைவு அழுத்தத்துக்கும் வெளிக்காற்றிலுள்ள நீராவியின் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடே இலைத்துளைகள் வழியே நீரை வெளியே இழுக்கிறது. ஈரப்பதம் 60 விழுக்காட்டில் நிலையாக இருந்தாலும், இலையும் காற்றும் ஒரே வெப்பத்தில் உள்ளனவெனக் கொண்டால், இவ்வேறுபாடு 20 பாகையில் 0.94 கிலோபாஸ்கலாகவும் 25 பாகையில் 1.27 ஆகவும் 30 பாகையில் 1.7 ஆகவும் உயர்கிறது. பற்றாக்குறை மிகும்போது செடி நீரிழப்புக்கு அஞ்சி இலைத்துளைகளை மூடிக்கொள்வதால் கரியமில வாயு உட்புகுவது குறைந்து வளர்ச்சி தளர்கிறது. மிகக் குறையும்போது நீரோட்டம் மந்தமாகி, அதனோடு மட்டுமே பயணிக்கும் கால்சியம் இளந்தளிர்களை எட்டாமற்போகிறது. வேர்விடாத பதியன்களுக்கு 0.4 முதல் 0.8 கிலோபாஸ்கலும், தழைவளர்ச்சிப் பருவத்துக்கு 0.8 முதல் 1.2 வரையும், பூக்கும் பருவத்துக்கு 1.2 முதல் 1.6 வரையும் பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. எல்.இ.டி. விளக்கின்கீழ் இலை காற்றைவிட ஓரிரு பாகை குளிர்ந்திருப்பது வழக்கமாதலால், காற்றின் வெப்பத்தை மட்டும் வைத்துப் போடும் கணக்கு உண்மை அளவினும் மிகையாகவே வரும்.

பூக்கும் பருவத்தில் எல்லை இறுக்கப்படுவதற்குக் காரணம் வளர்ச்சி அன்று, நோய். கஞ்சாவின் பெண்பூங்கொத்து அடர்ந்து செறிந்தது. அதன் நடுவில் சிக்கிய காற்று அறைக் காற்றைவிட எப்போதும் ஈரமானது. பொட்ரைட்டிஸ் சினேரியா என்னும் பூஞ்சையின் வித்துகள் முளைக்க மெல்லிய நீர்ப்படலமோ அதற்கு நெருங்கிய ஈரமோ தேவை. அவை கொத்தின் நடுவே பற்றிக்கொண்டால் வெளித்தோற்றத்தில் ஒன்றும் தெரியாமலே உள்ளே மொட்டழுகல் எனப்படும் நோய் பரவும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சமீர் புஞ்ஜா கஞ்சாவின் பூஞ்சை நோய்களை விரிவாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர். இலைமீது வெண்தூள் படியச் செய்யும் சாம்பல் நோயின் இயல்பு வேறு: அதன் வித்துகளுக்கு நீர்ப்படலம் தேவையில்லை, மிதமான ஈரத்திலும் அவை முளைக்கும். எனவே ஈரப்பதத்தைத் தாழ்த்துவது மொட்டழுகலைத் தடுக்குமளவுக்குச் சாம்பல் நோயைத் தடுப்பதில்லை; நெருக்கமான இலைகளைக் களைவதும், சிறு விசிறிகளால் செடிகளுக்கு இடையே காற்றை அசையவைப்பதும் இரண்டுக்கும் உதவுகின்றன.

விளக்கு அணையும் நேரமே மிக இடரானது. குறும்பகல் செடியான கஞ்சாவைப் பூக்கவைக்க நாள்தோறும் 12 மணி நேர இருள் தரப்படுகிறது. விளக்கெரியும்போது 26 பாகையும் 60 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட காற்று, நீராவி சிறிதும் கூடாமலே 20 பாகைக்குக் குளிர்ந்தால் ஈரப்பதம் 86 விழுக்காட்டைத் தொடும். காற்றிலுள்ள நீராவி நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலையாகிய பனிநிலை இக்காற்றுக்கு ஏறத்தாழ 17.6 பாகை என்பதால், அதற்கும் கீழே குளிர்ந்த கூடாரச் சுவரிலும் பூவிதழிலும் பனி படியும். பகலில் மட்டும் ஈரமானியைப் பார்ப்பவர் இதை அறிய வழியில்லை. விளக்கணைந்த பின்பும் விசிறிகளை ஓடவிடுவதும், இரவில் சிறிது சூடேற்றி வெப்ப வீழ்ச்சியைக் குறைப்பதும், கடைசி நீர்ப்பாய்ச்சலை விளக்கணையும் நேரத்துக்கு வெகுமுன்பே முடிப்பதும் வழக்கமான தீர்வுகள்.

முதற்கருவி காற்றோட்டமே. மேலே வெளியேற்றும் விசிறியும் கீழே காற்று நுழைவழியும் அமைத்து, நிமிடத்துக்கு ஒரு முறை கூடாரக் காற்று முழுதும் மாறச் செய்வது பொதுக் கணக்கு. மணம் நீக்கும் கரிவடிகட்டி பொருத்தினால் விசிறியின் வேகம் தளரும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆயினும் உள்ளே வரும் காற்றின் தன்மைக்கு மேல் காற்றோட்டத்தால் ஒன்றும் செய்ய இயலாது. கனடியக் குளிர்காலத்தில் −10 பாகைக் காற்று வெளியே நிறைவுற்றிருந்தாலும், வீட்டினுள் 22 பாகைக்குச் சூடேறியபின் அதன் ஈரப்பதம் 11 விழுக்காடு அளவே. அப்போது ஈரமூட்டி தேவைப்படும். பனிநிலை 20 பாகையைத் தொடும் தென் ஒன்டாரியோக் கோடை நாளில் அதே விசிறி 26 பாகை அறையை 70 விழுக்காட்டுக்குக் கீழே இறக்காது. கூடாரக் காற்றை வீட்டுக்குள்ளேயே விடுவதோ ஈரத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றுவதே ஆகும். குளிர்காலத்தில் சன்னல் கண்ணாடியிலும் நிலவறைச் சுவரிலும் அது நீராகப் படிந்து பூசணத்துக்கு வழிசெய்யும்.

காற்றோட்டம் போதாத இடத்தில் ஈரநீக்கி வருகிறது. அமுக்கி வகை, குளிர்ந்த சுருளின்மீது நீராவியைப் படியவைத்து நீராக்குகிறது. அறை மிகக் குளிர்ந்தால் சுருளில் உறைபனி பிடித்து அதன் திறன் வீழ்கிறது. ஈரமுறிஞ்சும் பொருளைக் கொண்ட வகை குளிரிலும் இயங்கும். இரண்டுமே அறையைச் சூடாக்கும்: நீராவி ஒரு லிட்டர் நீராகும்போது வெளிவிடும் உள்ளுறை வெப்பம் மட்டுமே ஏறத்தாழ 0.68 கிலோவாட்-மணி, கருவி உண்ணும் மின்சாரமும் வெப்பமாகி அதனோடு சேரும். பெட்டிமேல் அச்சிட்ட லிட்டர் கணக்கையும் அப்படியே கொள்ளலாகாது. 30 பாகையும் 80 விழுக்காடும் உள்ள காற்றில் அளந்த திறனை, 20 பாகையும் 50 விழுக்காடும் உள்ள அறையில் எதிர்பார்க்க இயலாது. ஈரமூட்டிகளுள் மீயொலி வகை எளிதானதாயினும், கடினநீரை இட்டால் கரைந்த உப்புகள் வெண்தூளாக இலைமீது படியும். ஈரமூட்டியையும் ஈரநீக்கியையும் ஒரே அறையில் வைப்பவர் இரண்டின் இயக்க எல்லைகளுக்கு இடையே போதிய இடைவெளி விடாவிட்டால், ஒன்று இறைத்ததை மற்றொன்று உறிஞ்சி மின்கட்டணம் மட்டுமே ஏறும்.

இவையனைத்தும் ஈரமானியை நம்பியே இயங்குவதால், அதைச் செடிகளின் உச்சி உயரத்தில், விளக்கின் நேரொளி படாமல் தொங்கவிட வேண்டும். மலிவான மின்னணு ஈரமானிகள் காலப்போக்கில் பிறழ்வன. சமையலுப்பு சிறிது கரையாமல் எஞ்சும்படி நீரில் குழைத்து, மூடிய கலத்தில் ஈரமானியுடன் சில மணி நேரம் வைத்தால், 25 பாகையில் அது 75 விழுக்காட்டைக் காட்டவேண்டும் என்பது எளிய சோதனை.

அறுவடையோடு இத்தேவை நீங்குவதில்லை. ஏறத்தாழ முக்கால் பங்கு நீராகவுள்ள பூக்கள், 16 முதல் 20 பாகை வெப்பத்திலும் 55 முதல் 60 விழுக்காடு ஈரப்பதத்திலும், இருளில் ஒன்றிரண்டு வாரம் மெல்ல உலர்த்தப்படுகின்றன. விரைந்து உலர்ந்தால் மணம் தரும் எண்ணெய்ப் பொருள்கள் இழக்கப்படும், தாமதித்தால் பூசணம் பிடிக்கும். உலர்ந்த பூவில் நுண்ணுயிர்களுக்குக் கிட்டக்கூடிய நீரின் அளவைக் குறிக்கும் நீர்ச்செயற்பாடு 0.55-க்கும் 0.65-க்கும் இடையே இருக்கவேண்டும் என அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். தரநிர்ணய அமைப்பு வரையறுத்துள்ளது; மூடிய கண்ணாடிக் குப்பியினுள் பூவைச் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 55-க்கும் 65-க்கும் இடையே நிலைபெறுவது இதற்கு நிகரான அளவாகும்.