பொருள் தேடும் உள்ளம்

உள்ளம் சோர்ந்தவனுக்கு வைத்தியர் எதைத்தான் அளிக்க முடியும்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னா நகரிலே இக்கேள்விக்கு இரு விடைகள் பிறந்தன. அடக்கிவைத்த ஆசைகளே நோயின் வேர் என்றார் ஃபிராய்டு. தாழ்வுணர்ச்சியே என்றார் ஆட்லர். அந்நகரில் 1905-ஆம் ஆண்டு பிறந்த விக்டர் ஃபிராங்கல் இருவர் கொள்கையையும் கற்றவர். ஆயினும், வாழ்வுக்கொரு பொருள் வேண்டுமென்னும் தாகமே மனிதனுக்கு முதன்மையானது எனக் கருதினார். அவர் வகுத்த முறைக்கு ‘லோகோதெரபி’ என்று பெயர்.

அக்கொள்கைக்குக் கடுஞ்சோதனை வந்தது. 1942-இல் நாஜிகள் அவரைக் குடும்பத்தோடு சிறைமுகாமுக்கு அனுப்பினர். பின்னர் அவுஷ்விட்ஸ் முகாமிலே, தம் கொள்கையை விளக்கி அவர் எழுதியிருந்த நூலின் கையெழுத்துப் பிரதியும் பறிபோயிற்று. வேறொரு முகாமில் காய்ச்சலோடு கிடந்தபோது, துண்டுத் தாள்களில் குறிப்பெழுதி அந்நூலை மீண்டும் உருவாக்க முயன்றார். அம்முயற்சியே தம்மைப் பிழைக்க வைத்தது என்று பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார். 1945-இல் விடுதலை கிடைத்தது. ஆனால் தாய், தந்தை, மனைவி மூவரும் மாண்டிருந்தனர்.

1946 முதல் பல்லாண்டுகள் வியன்னா பாலிகிளினிக் மருத்துவமனையில் நரம்பு நோய்ப் பிரிவுக்கு அவர் தலைமை தாங்கினார். மருந்தையோ முன்னோர் முறைகளையோ அவர் ஒதுக்கவில்லை. தம் முறை அவற்றுக்குத் துணையேயன்றி மாற்றன்று என்றார். துன்பத்தை அவர் போற்றவுமில்லை. நீக்கத்தக்க துன்பத்தை நீக்குவதே முதற்கடமை. நீக்கவொண்ணாத துன்பத்தின் முன் எவ்வாறு நிற்பது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை மட்டும் மனிதனிடமிருந்து பறிக்கப்படுவதில்லை. அவ்வுரிமையை நோயாளிக்கு நினைவூட்டுவதும் வைத்தியமே அல்லவா?