தோர் திரைப்படங்களும் நோர்ஸ் தொன்மமும்: ரசிகர்களின் எதிர்வினை

மார்வெல் நிறுவனத்தின் ‘தோர்’ வரிசைத் திரைப்படங்கள் ஸ்காண்டிநேவியாவின் பழைய தெய்வக் கதைகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் உறவுமுறைகளையும் உருவங்களையும் முடிவையும் மாற்றிச் சொன்னவை. கென்னத் பிரானா இயக்கிய முதல் படம் 2011-இல் வெளிவந்தது முதலே இந்த மாற்றங்களைப் பற்றிய வாதம் ரசிகர்களிடையே நடந்துவருகிறது. வரைகதை படித்து வளர்ந்தவர்கள், ஐஸ்லாந்தின் பழம்பாடல்களில் ஊறியவர்கள், தோரை இன்றும் தெய்வமாக வணங்குபவர்கள், திரையில்தான் அவனை முதன்முதலாகக் கண்டவர்கள் என நான்கு வகையினர் இதில் கலந்துகொண்டனர். இந்த நான்கு வகையினர் மனத்திலும் இருந்த ‘அசல்’ தோர் வேறு வேறானவன். வாதம் இத்தனை ஆண்டுகள் நீண்டதற்கு அதுவே காரணம்.

மூலங்கள்

நோர்ஸ் தெய்வங்களைப் பற்றி இன்று தெரிந்தவற்றில் பெரும்பகுதி 13-ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்து நமக்குத் தந்தது. ‘எட்டா’ என்று வழங்கும் பாடல் தொகுதி ‘கோடெக்ஸ் ரெகியஸ்’ என்னும் தோல் சுவடியில் பிழைத்தது. 1662-இல் டென்மார்க் அரசரிடம் போன அந்தச் சுவடி 1971-இல்தான் ஐஸ்லாந்துக்குத் திரும்பியது. ஸ்னோரி ஸ்டுர்லுசன் என்ற அரசியல் தலைவர் 1220-ஐ ஒட்டி எழுதிய உரைநடை எட்டா இன்னொரு முதன்மையான மூலம்.

மார்வெலின் தோர் 1962 ஆகஸ்ட் தேதியிட்ட ‘ஜர்னி இன்டு மிஸ்டரி’ 83-ஆம் இதழில் பிறந்தவன். ஸ்டான் லீ, அவருடைய தம்பி லாரி லீபர், ஓவியர் ஜாக் கிர்பி ஆகிய மூவரின் கூட்டுப் படைப்பு அது. திரைப்படத்தின்மீது சுமத்தப்படும் குற்றங்களில் பல உண்மையில் இந்த வரைகதையைச் சேரும். மழித்த முகமும் பொன்னிற முடியும் அப்போதே வந்துவிட்டன. பழங்கதைகளின் தோருக்குச் செந்தாடி. அவன் தூக்குகிற மியோல்னிர் சுத்தியலைத் ‘தகுதியுள்ளவன்’ மட்டுமே எடுக்க முடியும் என்பதும் வரைகதையின் கற்பனைதான். எட்டாவில் திரிம் என்ற அரக்கன் அதைத் திருடிப் பூமிக்கடியில் ஒளித்துவைக்கிறான். அதை மீட்கத் தோர் மணப்பெண் வேடம் போட வேண்டியிருக்கிறது. தோரின் தந்தை ஓடின் இழந்த கண்ணின் கதையைப் படமே மாற்றியது. எட்டாவில், மீமிரின் ஊற்றில் ஒரு வாய் ஞானநீர் குடிப்பதற்கு ஈடாக அவன் கொடுத்த கண் அது. படத்தில் அது பனியரக்கர்களோடு நடந்த போரில் போகிறது. அறிவுக்காகத் தன் உடலையே விலையாகத் தந்த தெய்வம் போர்க்காயம் பட்ட அரசனாகச் சுருங்கிவிட்டது என்று எட்டா வாசகர்கள் வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயமானது.

லோகியின் உறவுமுறை

அதிகமாகப் பேசப்பட்டது லோகியைப் பற்றித்தான். படத்தில் அவன் பனியரக்கர் அரசன் லவ்ஃபேயின் மகன், ஓடின் எடுத்து வளர்த்த பிள்ளை, தோருக்குத் தம்பி. எட்டாவில் அவன் ஓடினோடு இரத்தம் கலந்து உறுதிமொழி செய்துகொண்ட உடன்பிறவாச் சகோதரன். அப்படிப் பார்த்தால் தோருக்குச் சிற்றப்பன் முறை. ‘லவ்ஃபே’ அவனுடைய தாயின் பெயர், தந்தை ஃபார்பவுதி. தாயின் பெயரை ஓர் அரக்க அரசனுக்குச் சூட்டிவிட்டார்களே என்பது எட்டா படித்தவர்கள் முதலில் சுட்டிக்காட்டிய பிழைகளில் ஒன்று.

பெயரைவிட ஆழமான சிக்கல் ஒன்றும் இங்கே உண்டு. தான் அரக்கர் குலத்தவன் என்று தெரிந்ததும் படத்து லோகி உடைந்துபோகிறான். அவன் செய்யும் கேடுகள் எல்லாம் அந்த ஒரு கணத்திலிருந்தே தொடங்குகின்றன. ஆனால் பழங்கதைகளில் தேவர்களும் அரக்கர்களும் ஓயாமல் மணவுறவு கொண்டவர்கள். ஓடினின் தாய் பெஸ்ட்லா அரக்கர் குலப் பெண். தோரின் தாய் நிலமகளான யோர்த். படத்தில் வருவதுபோல் ஃப்ரிக் அல்ல. அங்கே அரக்க இரத்தம் யாருக்கும் இரகசியம் இல்லை, இழிவும் இல்லை. குலத்தூய்மை என்ற எண்ணத்தை அது இல்லாத இடத்தில் படம் கொண்டுபோய் வைத்தது என்று தொன்மம் அறிந்த ரசிகர்கள் வாதிட்டனர்.

எதிர்த்தரப்பும் வலுவாகவே பேசியது. தந்தையின் அன்புக்கு ஏங்கும் இளைய மகனாக டாம் ஹிடில்ஸ்டன் நடித்த லோகி, கதாநாயகனைவிடப் பெரிய ரசிகர் கூட்டத்தைச் சேர்த்தான். 2013 ஜூலையில் சான் டியேகோ காமிக்-கான் விழா அரங்கில் ஹிடில்ஸ்டன் லோகியின் உடையிலேயே வந்து நின்றபோது கூட்டம் ஆர்ப்பரித்தது. வளர்ப்புப் பிள்ளை என்ற மாற்றமும் படத்தில் தோன்றியதல்ல. வரைகதையில் 1965-லேயே அது சொல்லப்பட்டுவிட்டது. இந்த லோகியிடம் மனத்தைக் கொடுத்தவர்களில் பலர் அடுத்து எட்டாவைத் தேடிப் படித்தார்கள் என்பது இந்த வாதத்தின் நல்ல பயன். ஆயினும் இழப்பும் பெரிதுதான். எட்டாவில் ஓடின் லோகியைத் தானே விரும்பித் தேர்ந்தெடுத்தான். அவனால் வந்த அழிவில் ஓடினுக்கும் பங்கு உண்டு. வளர்ப்புத் தந்தை என்ற நிலை அந்தப் பொறுப்பை வேறொன்றாக்கிவிடுகிறது.

ஹைம்டால் சர்ச்சை

பிஃப்ராஸ்ட் பாலத்தின் காவலன் ஹைம்டாலாக ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த பிரித்தானிய நடிகர் இட்ரிஸ் எல்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு எழுந்த எதிர்ப்பு ஏனையவற்றிலிருந்து தன்மையிலேயே வேறுபட்டது. வெள்ளையின மேலாதிக்கக் கருத்துக் கொண்ட ‘கவுன்சில் ஆஃப் கன்சர்வேடிவ் சிட்டிசன்ஸ்’ என்ற அமெரிக்க அமைப்பு, படம் வருவதற்கு முன்பே அதைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்தது. பழம்பாடல் ஒன்று ஹைம்டாலைத் தேவர்களில் மிக வெண்மையானவன் என்று சொல்வதைச் சிலர் சான்றாகக் காட்டினார்கள்.

இதற்குத் தொன்மத்திலிருந்தே விடை வந்தது. ஹைம்டால் ஒன்பது தாய்மார்க்குப் பிறந்தவன். பொற்பற்கள் உடையவன். புல் வளரும் ஓசையும் ஆட்டின் மேல் கம்பளி வளரும் ஓசையும் அவன் காதில் விழும். அப்படிப்பட்டவனின் ‘வெண்மை’ விடியலின் ஒளியைக் குறிக்கக்கூடுமே தவிர, மனிதத் தோலின் நிறத்தை அல்ல என்று பலர் எடுத்துக்காட்டினர். பறந்து வந்து கையில் சேரும் சுத்தியலை நம்புகிறவர்களுக்குத் தன் நிறம் மட்டும் நம்பமுடியாததாக இருக்கிறதா என்று எல்பாவும் கேட்டார். ஆஸ்திரேலியரான கிறிஸ் ஹெம்ஸ்வொர்த் தோராகவும் வேல்ஸ்காரரான ஆன்டனி ஹாப்கின்ஸ் ஓடினாகவும் நடித்ததை இந்த ‘மூலப் பற்றாளர்கள்’ எதிர்க்கவில்லை. அவர்கள் காத்தது தொன்மத்தை அல்ல. படம் வெளியானபின் எல்பாவின் அமைதியான, கம்பீரமான நடிப்பு அந்தப் படத்தின் சிறப்புகளில் ஒன்றாகப் பாராட்டப்பட்டது.

ஸ்னோரியும் மாற்றியவரே

தூய மூலம் என ஒன்று உண்டா என்ற கேள்வி வாதத்தின் போக்கில் தானாகவே எழுந்தது. ஐஸ்லாந்து கிறித்துவத்தை ஏற்றது ஏறத்தாழ கி.பி. 1000-இல். ஸ்னோரி அதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த கிறித்துவர். அவருடைய எட்டாவின் முன்னுரை ஓடினையும் அவன் கூட்டத்தாரையும் திராய் நகரிலிருந்து வடக்கே குடிபெயர்ந்த மனிதர்கள் என்கிறது; தோரை திராய் அரசன் பிரியமின் பேரனாகவும் ஆக்குகிறது. வந்தேறிய வீரர்களை அறியாத மக்கள் தெய்வமாக எண்ணிக்கொண்டார்கள் என்பது அவர் தரும் விளக்கம். திரைப்படமும் தேவர்களை வேற்றுலகிலிருந்து வந்தவர்களாக்கி, அவர்களின் மந்திரத்தை மனிதர் இன்னும் புரிந்துகொள்ளாத அறிவியல் என்கிறது. எட்டு நூற்றாண்டு இடைவெளியில் இருவர் கையாண்ட உத்தியும் ஒன்றே. இந்த ஒப்புமையைக் கண்டு சொன்ன ரசிகர்கள் வாதத்தின் தரத்தையே உயர்த்தினார்கள்.

இதற்காக எல்லா மாற்றமும் ஒன்றே என்று ஆகிவிடாது. தன்னிடம் வந்த பாடல்கள் மறைந்துபோகாமல் இருக்க எழுதியவர் ஸ்னோரி. கவிஞர்கள் பழைய உவமைகளின் பொருளை மறக்கக் கூடாது என்பது அவர் கவலை. அந்தக் கவலை எந்தப் படத் தயாரிப்பு நிறுவனத்துக்கும் இருந்ததில்லை.

ராக்னரோக்

டைக்கா வைட்டிட்டி இயக்கிய ‘தோர்: ராக்னரோக்’ (2017) மூலத்தைவிட்டு வெகுதூரம் போனது. எட்டாவில் இறந்தோர் உலகை ஆளும் ஹெல், லோகிக்கும் அங்கர்போதா என்ற அரக்கிக்கும் பிறந்தவள். ஃபென்ரிர் ஓநாயும் உலகைச் சுற்றிக்கிடக்கும் யோர்முங்காண்ட் பாம்பும் அவளுடன் பிறந்தவை. படத்தின் ஹெலா ஓடினின் மூத்த மகள். லோகியின் பிள்ளைகளை அவனிடமிருந்து பறித்துவிட்டார்கள் என்று ஒரு சாரார் குறைப்பட்டனர். இன்னொரு சாரார் இதில் எதிர்பாராத உண்மை ஒன்றைக் கண்டனர். எட்டாவின் ஓடின் சாந்தமான அரசன் அல்லன். சூதும் போரும் மூட்டுகிறவன், வாக்கு மாறுகிறவன். மகளைப் படைத்தலைவியாக்கி நாடுகளை வென்றுவிட்டு, பிறகு அந்த வரலாற்றை மேற்கூரை ஓவியத்தால் மறைத்த ஓடினை 2017-ஆம் ஆண்டுப் படம் காட்டியபோது, பழைய ஓடின் சற்றே திரும்பி வந்தான். வைட்டிட்டி நியூசிலாந்தின் மாவோரி மரபைச் சேர்ந்தவர் என்பதால், பேரரசுகள் தம் கொள்ளையை மறைப்பது பற்றிய கதையாகவும் இதைப் பலர் வாசித்தனர்.

மிகப் பெரிய மாற்றம் முடிவில் இருக்கிறது. அதைப் பற்றி எழுந்த பேச்சு தோரின் முடிநிறத்தைப் பற்றிய பேச்சளவுகூட இல்லை என்பது வியப்பு. எட்டாவின் தேவர்களுக்கு, ராக்னரோக் என்னும் இறுதிப் போரில் நேரப்போகும் தங்கள் சாவு முன்பே தெரியும். ஃபென்ரிர் தன்னை விழுங்கும் என்று ஓடின் அறிவான். பாம்பைக் கொன்ற தோர் அதன் நஞ்சால் ஒன்பது அடி நடந்து வீழ்வான். ஹைம்டாலும் லோகியும் ஒருவரையொருவர் கொன்று மடிவார்கள். தெரிந்தும் அவர்கள் போருக்கு ஆயத்தமாகிறார்கள். அந்தப் பாடல்களின் உயிர் இதில்தான் இருக்கிறது. படத்தில் ஓடின் நார்வேயின் கடலோரப் பாறையில் அமைதியாக மறைகிறான். தோர் லோகியைக் கொண்டு தீயரக்கன் ஸூர்தரை எழுப்பி, தேவர்களின் நாடான ஆஸ்கார்டைத் தானே அழித்து, மக்களைக் கப்பலேற்றித் தப்பிக்கிறான். நாடு என்பது மக்களே என்ற கருத்து அழகானதுதான். ஆனால் விதியை எதிர்நோக்கிய வீரம் அங்கே தப்பிக்கும் சாமர்த்தியமாக மாறிவிட்டது.

வழிபடுவோர்

பழைய நோர்ஸ் தெய்வங்களை வணங்குவோர் ஐஸ்லாந்தில் 1972-இல் தொடங்கிய ‘ஆசாத்ரூ’ சங்கத்துக்கு மறு ஆண்டே அரசின் ஏற்பு கிடைத்தது. அமெரிக்காவில் மறைந்த படைவீரர்களின் கல்லறைக் கற்களில் பொறிக்கத்தக்க சமயச் சின்னமாகத் தோரின் சுத்தியல் 2013-இல் ஏற்கப்பட்டது. இம்மரபினரின் எதிர்வினை ஒருபடித்தானதல்ல. தங்கள் தெய்வங்களின் பெயர் உலகெங்கும் பரவியதில் மகிழ்ந்தவர்கள் உண்டு. கழுத்தில் அணிந்த சுத்தியலைத் திரைப்பட விளம்பரமாகப் பிறர் எண்ணுவதால் புண்பட்டவர்களும் உண்டு. முடிநிறம் பற்றிய சச்சரவைவிட இந்தப் புண்படுதலுக்கே கூடுதல் மதிப்புத் தர வேண்டும்.

பின்னைய எதிர்வினைகள்

திரைத் தோர் எவ்வளவு ஆழப் பதிந்துவிட்டான் என்பது 2021-இல் ‘காட் ஆஃப் வார் ராக்னரோக்’ வீடியோ விளையாட்டின் படங்கள் வெளிவந்தபோது தெரிந்தது. அதில் தோர் செந்தாடியும் பருத்த வயிறும் கொண்டவன். ‘இவனா தோர்?’ என்று பலர் முகம் சுளிக்க, பழங்கதைகளின் பெருந்தீனிக்காரன் இவனேதான் என்று மற்றவர்கள் பதில் சொன்னார்கள். மணப்பெண் வேடத்தில் அமர்ந்து ஒரு முழு எருதையும் எட்டு சால்மன் மீன்களையும் தின்று தீர்த்தவன் அல்லவா அவன்.

அதே ஆண்டு வந்த ‘லோகி’ தொடர் அவனை ஆண், பெண் இருபாலரையும் விரும்புபவனாகக் காட்டியது. மூலத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று சொன்னவர்களுக்கு இம்முறை மூலமே எதிராக நின்றது: எட்டாவின் லோகி பெண்குதிரையாக உருமாறி, ஸ்லெய்ப்னிர் என்ற எட்டுக்கால் குதிரையை ஈன்றவன். 2023-இல் முடிந்த இரண்டாம் பருவத்தின் இறுதியில், காலத்தின் கிளைகளைக் கையில் பற்றியபடி லோகி தனியே அமர, அவை உலகமரமான இக்ட்ரஸில்லின் வடிவம் கொண்டன. எட்டாவில் தன் மகனின் குடலால் பாறையோடு பிணைக்கப்பட்டு, முகத்தில் பாம்பின் நஞ்சு சொட்ட, ராக்னரோக் வரை கிடக்கும் லோகியை இக்காட்சியோடு ரசிகர்கள் ஒப்பிட்டனர். அங்கே தேவர்கள் விதித்த தண்டனை. இங்கே அவன் தானே ஏற்ற கட்டு. நஞ்சை ஏந்தக் கிண்ணத்தோடு அங்கே அவனருகே நிற்கும் மனைவி சிகினுக்கு இந்தத் தொடரில் இடமில்லை.