எரிவாயுக் கணப்பு உலை: ஊதுவிசிறியும் காப்புச் சாதனங்களும்

எரிவாயுக் கணப்பு உலை என்பது, அமெரிக்க ஐக்கிய நாடுகள், கனடா முதலிய தேசங்களில், இயற்கை எரிவாயுவை எரித்துப் பெறும் வெப்பத்தைக் காற்றின் வாயிலாக வீடு முழுதும் பரப்பும் யந்திரமாகும். 1919-ஆம் ஆண்டில் ஆலிஸ் பார்க்கர் என்னும் அமெரிக்கப் பெண்மணி, எரிவாயுவால் வீட்டை வெப்பப்படுத்தும் அமைப்பொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பழைய நிலக்கரி உலைகளில் சூடேறிய காற்று தன் இலகுத்தன்மையால் தானே மேலெழுந்தது. இன்றைய உலையில் அதனை உந்திச் செலுத்துவது ஊதுவிசிறி. வெப்பமாற்றித் தகட்டின் உட்புறத்தே எரிந்த புகையும் வெளிப்புறத்தே வீட்டுக் காற்றுமாக இரண்டும் கலவாமல் ஓடுவதே இவ்வமைப்பின் ஜீவநாடி.

ஊதுவிசிறி: மின்சாரத்தையும் வாயுவையும் நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து விசிறிக்கூட்டை வெளியே இழுத்தால், உருளைச் சக்கரத்தின் வளைந்த அலகுகளில் தூசி பஞ்சுபோல் அப்பியிருப்பதைக் காணலாம்; அலகுகளின் குழிவு நிரம்பிவிட்டால் சக்கரம் எத்துணை விரைந்து சுழன்றும் காற்றை அள்ளாது. தூரிகையால் துடைக்குங்கால், சில அலகுகளில் செருகியுள்ள சிறு உலோகக் கவ்விகளைக் கழற்றலாகாது. சக்கரத்தின் சமநிலையின் பொருட்டு வைக்கப்பட்ட அவை விழுந்துவிட்டால், அதிர்வு மிகுந்து பேரிங்குகள் தேய்ந்துபோகும். பெல்ட்டால் ஓடும் பழைய விசிறிகளின் எண்ணெய்த் துளைகளில் ஆண்டுக்குச் சில துளிகள் விடுதல் போதும். மோட்டார் முனகிக்கொண்டு சுழலத் தயங்குமாயின் கெபாசிட்டரை ஐயுறலாம். மின்சாரம் நின்ற பின்னும் அதில் மின்னேற்றம் எஞ்சியிருக்குமாதலால், அதனை வடித்துவிட்ட பிறகே அளந்து, மேலே அச்சிட்டுள்ள மைக்ரோஃபாரட் அளவுடன் ஒப்பிடல் வேண்டும்.

காப்புச் சாதனங்கள்: நிலைச்சுடர் கொண்ட பழைய உலைகளில், அச்சுடரில் காயும் தெர்மோகப்பிள் ஏறத்தாழ 30 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தைப் பிறப்பித்து வாயு வால்வைத் திறந்து வைத்திருக்கும்; சுடர் அவிந்தால் வால்வு தானே மூடிக்கொள்ளும். பிற்கால உலைகளில் சுவாலைக்குள் நீட்டிய உலோகக் கம்பியொன்றின் வழியே பாயும் சில மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டமே தீ எரிவதற்குச் சாட்சி. அக்கம்பியில் படிவு படருமாயின் தீ நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே வாயு நின்றுவிடும். மெல்லிய எஃகு நாரால் தேய்த்தால் பெரும்பாலும் குறை நீங்கும். புகை வெளியேறும் இழுப்பு உண்டா என்று காண்பது அழுத்த ஸ்விட்ச். சுவாலை எரியறையை விட்டு வெளியே புரண்டால் வாயுவை நிறுத்துவது மற்றொன்று. வெப்பம் எல்லை மீறுகையில் நிறுத்துவது வரம்பு ஸ்விட்ச்.

நோய்க்குறியும் நோயும்: வரம்பு ஸ்விட்ச் அடிக்கடி உலையை நிறுத்துமாயின், அதனைப் பழித்து மாற்றுவதும், கம்பியிட்டு இணைத்து ஏமாற்றுவதும் பேதைமை; காற்று வடிகட்டி அடைபட்டோ சக்கரம் தூசியேறியோ காற்று குறைந்தமையால் வெப்பமாற்றித் தகடு காய்வதையே அது அறிவிக்கின்றது. அவ்வெச்சரிக்கையை அடக்கிவிட்டு நாளடைவில் தகடு வெடிக்க விடுவோமாயின், நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உறங்குவோரின் அறைகளுக்குள் புகும் அபாயம் நேரும். ஆதலின், பணி முடிந்ததும் உலைக்குள் புகும் காற்றையும் வெளிவரும் காற்றையும் வெப்பமானியால் அளந்து, அவற்றின் வேறுபாடு உலையின் விவரத்தகட்டில் பொறித்துள்ள எல்லைக்குள் அமைந்துள்ளதா என நோக்குதல் அவசியம். விசிறியின் உழைப்பும் தீயின் அளவும் இசைந்துள்ளன என்பதற்கு அதுவே சான்று.