நான்கு சுவிசேஷங்கள், எந்த வரிசை?

இயேசு எருசலேம் ஆலயத்திலிருந்து வியாபாரிகளைத் துரத்திய நிகழ்ச்சி யோவான் சுவிசேஷத்தின் 2-ஆம் அதிகாரத்திலேயே வந்துவிடுகிறது. மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் அதைச் சிலுவை மரணத்துக்குச் சற்று முந்திய நாட்களில் வைக்கிறார்கள். எரிகோவில் குருடன் பார்வை பெற்றது ஊரை நெருங்கும்போது என்கிறார் லூக்கா. ஊரைவிட்டுப் புறப்படும்போது என்கிறார் மாற்கு. மத்தேயுவிலோ குருடர் இருவர். இந்த வேறுபாடுகள் ஆதித் திருச்சபைக்கும் தெரிந்தவையே. மாற்கு கவனமாக எழுதினார், ஆனால் வரிசைப்படி எழுதவில்லை என்று 2-ஆம் நூற்றாண்டின் பப்பியா சொன்னதைத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியு பதிவு செய்திருக்கிறார்.

ஏறத்தாழ கி.பி. 170-இல் தத்தியான் நான்கையும் பின்னி ஒரே கதையாக்கினார். தியாத்தெசரோன் எனப்பட்ட அந்நூல் சிரியத் திருச்சபைகளில் தலைமுறை தலைமுறையாக வாசிக்கப்பட்டது. எப்பிராயீம் அதற்கு விரிவுரையே எழுதினார். இயேசுவின் வம்சவரலாறுகள் அதில் விடுபட்டிருந்தன. 5-ஆம் நூற்றாண்டில் ஆயர் தியோதோரேத்து தம் மறைமாவட்டத்திலிருந்த 200-க்கும் மேற்பட்ட பிரதிகளை அகற்றி, நான்கு சுவிசேஷங்களையும் தனித்தனியே வைத்தார்.

யூசேபியு போன வழி வேறு. பழைய தீர்வுகளில் மிக நேர்த்தியானதும் அதுதான். மூலத்தில் ஓர் எழுத்தைக்கூட அவர் இடம் மாற்றவில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஓரத்தில் ஓர் எண். அதன் கீழே சிவப்பு மையில் அட்டவணை எண். மொத்தம் 10 அட்டவணைகள். உரிய அட்டவணையைப் பார்த்தால் அதே செய்தி மற்ற சுவிசேஷங்களில் எங்கே இருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

ஏறத்தாழ 400-இல் அகுஸ்தீன், சுவிசேஷகர் தம் நினைவுக்கு வந்த வரிசையிலும் எழுதியிருக்கலாம் என்றார்; ஆலயச் சம்பவம் இருமுறை நடந்தது என்று கொண்டார். 1537-இல் சீர்திருத்தவாதி ஓசியாண்டர், ஒரே மாதிரி நிகழ்ச்சி ஒருமுறைக்கு மேல் நடந்தது என்ற இந்த வாதத்தை எல்லைவரை இழுத்தார். எந்த வரிசையும் பிசகக் கூடாது என்பதால், யவீருவின் மகள் ஒருமுறைக்கு மேல் உயிர்பெற்றதாக அவர் கொள்ள வேண்டியதாயிற்று. 1555-இல் கால்வின் அதை ஏற்கவில்லை. காலவரிசை சுவிசேஷகரின் நோக்கமே அல்ல என்றார்.

1776-இல் கிரீஸ்பாக் முதல் மூன்று சுவிசேஷங்களையும் பக்கத்துப் பக்கமாகப் பத்திகளில் அச்சிட்டுத் தனிநூலாக வெளியிட்டார். ஒரே வரிசைக்குள் அடக்குவது அவர் நோக்கமல்ல. ஒப்பிட்டுப் பார்க்க வைப்பதே நோக்கம். அதன் பலன் பெரிது. 1835-இல் லாக்மான், மாற்குவின் வரிசையோடு இசையும் இடங்களில்தான் மத்தேயுவும் லூக்காவும் தமக்குள் ஒத்துப்போகிறார்கள் என்று காட்டினார். மாற்குவே முதலில் எழுதப்பட்டது என்ற பிற்கால ஆய்வாளர் பலரின் முடிவுக்கு இந்தக் கவனிப்பு முக்கிய ஆதாரமாயிற்று.