ரீஜண்ட் வீதிப் பொம்மைக் கடை

இலண்டன் மாநகரின் ரீஜண்ட் வீதியில் ஏழு தளங்களோடு நிற்கும் ஹாம்லீஸ் பொம்மைக் கடைக்கு என் பேரன் என்னை அழைத்துச் சென்றான். நான் அவனை அழைத்துச் சென்றதாகவே வீட்டார் எண்ணினர்; உண்மை அதுவன்று. உள்ளே நுழைந்ததும் அவன் நகரும் படிக்கட்டில் ஏறி மறைந்தான். மருமகள் பின்னே விரைந்தாள். எனக்கோ முழங்கால் வலி. அன்றியும், வரலாறு கற்பித்துப் பழகியவனுக்குப் பொம்மைகளைவிடக் கடையின் வயதே பெரிதாகத் தோன்றியது.

அந்த வயது சிறிதன்று. கார்ன்வால் பகுதியிலுள்ள பாட்மின் என்னும் ஊரினரான வில்லியம் ஹாம்லி, 1760ஆம் ஆண்டு இலண்டனில் ஹை ஹோல்பர்ன் தெருவில் இதனைத் தொடங்கினார். நம் வந்தவாசியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதிய அதே ஆண்டு என்றால் நேயர்களுக்குக் காலம் விளங்கும். கடைக்கு அவர் இட்ட பெயர் 'நோவாவின் பேழை'. பெருவெள்ளத்திலிருந்து உயிரினங்களைக் காத்த கப்பலின் பெயர் அது. மரத்தாலான பேழையும் இணை இணையாக விலங்குகளும் அந்நாட்டுப் பிள்ளைகளின் விருப்பமான விளையாட்டுப் பொருள்கள்.

1881இல் ரீஜண்ட் வீதியில் ஒரு கிளை எழுந்தது. 1901இல் ஹோல்பர்ன் கடை தீக்கிரையாயிற்று. வீதியின் பெயரே நிலைத்தது; பேழையின் பெயர் மறைந்தது.

பின்னர்ப் பொருளாதார மந்தம் வந்தது. தள்ளாடிய கடையை 1931இல் லைன்ஸ் சகோதரர் நிறுவனம் வாங்கியது. இவர்கள் வியாபாரிகள் மட்டுமல்லர்; பெரும் பொம்மை உற்பத்தியாளர்கள். ஆங்கிலத்தில் 'லைன்' என்றால் கோடு. சகோதரர் மூவர், மூன்று கோடுகள் சேர்ந்தால் முக்கோணம், ஆகவே தங்கள் பொம்மைகளுக்கு 'ட்ரையாங்' என்று பெயரிட்டனர். கணக்காசிரியர் எவரும் இதைக் கேட்டு மகிழ்வர்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போரில் இலண்டன்மீது குண்டுகள் பொழிந்தபோது இக்கடை ஐந்து முறை தாக்குண்டது. ஆயினும் விற்பனை நிற்கவில்லை. உள்ளே வருவது ஆபத்து என்பதால் வாங்க வந்தோர் வாயிலிலேயே நின்று வேண்டியதைச் சொல்வர். பணியாளர் தலைக்கவசம் அணிந்து இடிபாட்டுக்குள் சென்று, பொம்மையை எடுத்துவந்து கையில் கொடுப்பர்.

இதை முதலில் அறிந்தபோது எனக்குச் சினமே வந்தது. ஒரு கரடிப் பொம்மைக்காக உயிரைப் பணயம் வைப்பதா? பணி என்ற பெயரில் ஏழைப் பணியாளரை எதற்கெல்லாம் அனுப்புகிறார்கள் என்று தோன்றியது. இன்றும் அச்சினம் முற்றும் தணியவில்லை. ஆனால் வாயிலில் காத்து நின்ற தாயையும் எண்ண வேண்டும். இலண்டன் பிள்ளைகளில் பலர் பெற்றோரைப் பிரிந்து நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டிருந்த காலம் அது. அங்கே தபாலில் போய்ச் சேரும் ஒரு பொம்மையின் மதிப்பை நாம் எந்தத் தராசில் நிறுப்பது?

அதே நாள்களில் கடையின் உடைமையாளரான லைன்ஸ் நிறுவனத்தின் மெர்ட்டன் தொழிற்சாலையில் என்ன நடந்தது? தகட்டை அழுத்தி வளைத்து விளையாட்டு மோட்டார் வண்டிகள் செய்த தொழில் திறமையைக் கொண்டு, ஸ்டென் என்னும் இயந்திரத் துப்பாக்கியை இலட்சக்கணக்கில் செய்தார்கள். அதன் மூன்றாம் வகை, தகட்டை உருட்டிப் பற்றவைத்து எளிதாகவும் மலிவாகவும் செய்யத்தக்கது. பொம்மை செய்தவர்களுக்கே அந்த எளிமை கைவந்தது! வாயிலில் பொம்மை நீட்டிய கைகளுக்கும், ஆலையில் துப்பாக்கி முடித்த கைகளுக்கும் கூலி கொடுத்தவர் ஒருவரே.

லைன்ஸ் நிறுவனம் 1971இல் வீழ்ந்தது. கடை கைமாறிக் கைமாறி, 2019இல் நம் நாட்டு ரிலையன்ஸ் நிறுவனத்தின் உடைமையாயிற்று.

குண்டுகளுக்கு நடுவே பொம்மை கைமாறிய வாயிற்படியைக் காணலாம் என்று தரைத்தளத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பிறகே நினைவு வந்தது: கடை இக்கட்டடத்திற்கு வந்தது 1981இல், போர்க்காலக் கடை இதே வீதியில் சற்றுத் தள்ளி, 200ஆம் எண்ணில் இருந்தது. வெளியே வந்து அவ்விடம்வரை மெல்ல நடந்தேன். வேறு ஏதோ கடை, கண்ணாடிக் கதவு. அங்கே நான் நின்றுகொண்டிருந்தபோது பேரன் மூச்சிரைக்க ஓடி வந்தான். கையில் ஒரு சிறு மரக் கப்பல். "தாத்தா, விலங்குகளைத் தனியாக வாங்க வேண்டுமாம்" என்றான்.